ஈரல் சித்தரும் ஒரு டம்ளர் டீயும்

ஆம்பூரில் பிரியாணிக்கு நிற்கும் வரிசையைவிட ஈரல் சித்தருக்கு நிற்கும் வரிசை நீளமாகிவிட்டது. அங்கே தின்றவர்களேதான் இங்கேயும் நின்றார்கள் என்பது வேறு விஷயம். வேலூர் லாங் பஜார் வரைக்கும் இதே பேச்சு: சித்தர் நோயாளியின் விலாவில் செம்புக் குழாயை வைத்து வாயால் உறிஞ்சுகிறார், ஈரல் கொழுப்பு வெள்ளை வெளேரென்று இலையில் விழுகிறது! கத்தி இல்லை, தழும்பு இல்லை. மூளைக்கும் வேலை இல்லை.

ஷூ கம்பெனி சூப்பர்வைசர் பிரேம்நாத்துக்கு இது தேனாக இனித்தது. டாக்டரம்மா சொன்னதோ கசப்பு: "ஈரல்ல கொழுப்பு, நெஞ்சுல அடைப்பு, ரெண்டும் பங்காளிங்க. தொப்பை, சர்க்கரை, ரத்தக் கொழுப்பு எல்லாம் சேர்ந்து உள்ளுக்குள்ள அழற்சியைக் கிளப்பி ரெண்டையும் கெடுக்கும். மாத்திரையை நிறுத்தாதீங்க. நடங்க, வாயைக் கட்டுங்க."

நடக்கவும் வேண்டும், வாயையும் கட்ட வேண்டுமாம்! சித்தர் இரண்டையும் கேட்கவில்லை. இருதய மாத்திரையை மட்டும் தூக்கிப் போடச் சொன்னார். பிரேம்நாத் போட்டுவிட்டார். சிரிக்காதீர்கள், நமக்கும் தொப்பை உண்டு.

அன்றைக்கு இரண்டாவது உறிஞ்சலுக்கு நிற்கும்போதே நெஞ்சில் பாரம். பக்கத்தில் மனைவி சவுரியம்மாள், பிளாஸ்க்கோடு.

"இன்னாங்க, இப்படி வேர்க்குது? வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போலாம் வாங்க."

"இரு சவுரி, அடுத்தது நாமதான்."

சித்தர் முழங்கினார்: "டேனரில தோலை இன்னா பண்றீங்க? கொழுப்பைச் சுரண்டின அப்புறம்தானே பதம் போடறீங்க? ஈரலும் அப்படித்தான்!"

தோல் பதனிடும் தொழிலாளிகள் நிறைந்த கூட்டம் தலையாட்டியது. தொழில் தெரிந்த சாமி!

"அது செத்த ஆடு சாமி" என்றாள் சவுரியம்மாள். "எங்க வூட்டுக்காரர் உசுரோட இருக்காரு."

சித்தர் காதில் விழாத மாதிரி திரைக்குப் பின்னால் போய்த் திரும்பினார். இனி மௌனமாம். வந்ததிலிருந்து அவள் கவனித்ததே அதைத்தான். ஓயாமல் பேசுகிற வாய், திரைக்குப் பின்னால் போய் வந்தால் மட்டும் ஊமை. கன்னம் வேறு உப்பல்.

பிளாஸ்க்கைத் திறந்து டம்ளரில் ஊற்றினாள். ஆவி பறந்தது.

"ஒரு வாய் டீ குடிச்சிட்டு உறிஞ்சுங்க சாமி. அப்பவும் கொழுப்பு வந்தா உங்க கால்ல விழறேன்."

சித்தர் அவசரமாகத் தலையை ஆட்டி மறுத்தார். பக்தர்கள்தான் விடவில்லை.

"அக்கா ஆசையா குடுக்குது, குடி சாமி!"

பக்தியிடமிருந்து தப்பிக்க எந்தச் சாமிக்கும் வழி தெரியாது. ஒரு வாய் உறிஞ்சினார். கண் பிதுங்கியது. கடைவாயில் நெய் மாதிரி வழிந்தது. துப்பியே விட்டார்: பாதி உருகிய வெள்ளைக் கட்டி. கூடவே நாற்றம். காலமெல்லாம் தோலோடு புழங்கிய மூக்குகளுக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"தூ! ஆட்டுக் கொழுப்புடா!"

பிரேம்நாத்துக்கு இன்னும் ஆசை விடவில்லை. "அப்போ போன தடவை என் ஈரல்லேர்ந்து எடுத்தது?"

"அது கசாப்புக் கடையோடது. உங்களுது உள்ளயே பத்திரமா இருக்குது. ஏறுங்க ஆட்டோல!" அதட்டிக்கொண்டே அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

நெஞ்சு அடைப்பு முற்றுவதற்குள் ஆஸ்பத்திரியில் பிடித்துவிட்டார்கள். பிழைத்தார்.

சித்தரோ பின்வாசல் வழியாக ஓடிவிட்டார். கவலை வேண்டாம், இன்னொருவர் வருவார், கிட்னிக்கோ மூட்டுக்கோ. அவரிடம் சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டுவதற்கு முன்னால், அவருடைய வாயைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.