பருவுக்கு ஒரு காண்ட்ராக்ட்

இரண்டே நாளில் மகளின் முகப்பருவை ஒழித்துக்கட்டுவது என்று புதன்கிழமை காலை பெயிண்ட் காண்ட்ராக்டர் முடிவெடுத்தார். இருபது வருஷமாகச் சுவர்களை வழிக்குக் கொண்டுவந்த மனுஷர். ஒரு முகம் எம்மாத்திரம்?

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. வெள்ளிக்கிழமை பள்ளியில் பேச்சுப்போட்டி. ஒரு மாதமாகப் பேசிப் பழகிய மகள், "நான் மேடை ஏற மாட்டேன்" என்று அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். நெற்றியிலும் கன்னத்திலுமாகப் பதினோரு பருக்கள். எண்ணியவள் அவளேதான். "மூஞ்சிய யாரும்மா பாக்கப் போறா? பேச்சத்தானே கேப்பாங்க" என்று அப்பா கதவுக்கு வெளியே நின்று சொல்லிப் பார்த்தார். உள்ளே மின்விசிறியின் சத்தம் கூடியதுதான் மிச்சம்.

உடனே மருந்துக் கடைக்குப் போய் ஒரு பையோடு திரும்பினார்.

"என்னங்க இது?" என்றாள் மனைவி.

"பருவுக்கு. மொதல்ல இந்த ஸ்க்ரப்பப் போட்டு உப்புத்தாள் மாதிரி நல்லாத் தேய்க்கணும். அப்புறம் இந்த லோஷன் ரெண்டு கோட்டிங். முடிஞ்சுது வேலை."

"ஈரச் சுவருக்கும் காஞ்ச சுவருக்கும் ஒரே பெயிண்ட்டா அடிக்கிறீங்க?"

காண்ட்ராக்டர் திருதிருவென விழித்தார். அந்தத் தப்பைச் செய்ததற்காகவே போன மாதம் ஒரு ஆளை வேலையை விட்டு அனுப்பியிருந்தார்.

"இது எண்ணெய் வழியற தோலுக்கு. அவளுக்கு வறண்ட தோல். சோப்பு போட்டாலே எரியுதுங்கறா. மூணு வாரம் முன்னாடியே தோல் டாக்டர்கிட்ட காட்டியாச்சு. முகம் கழுவ காரமில்லாத ஃபேஸ்வாஷ், பட்டாணி அளவு மருந்து, அதுக்கு மேல தோல் காயாம இருக்க ஒரு க்ரீம். அவ்வளவுதான். பலன் தெரிய ரெண்டு மாசமாகும்னாங்க."

"ரெண்டு மாசமா! அதுக்குள்ள நான் ஒரு மாடி வீட்டையே முடிச்சு சாவியக் குடுத்துடுவேன்!"

மனைவி வாதாடவில்லை. லோஷன் பாட்டிலை எடுத்துப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"சரிங்க. மூலையில கொஞ்சம் அடிச்சுப் பாக்காம எந்தச் சுவர்லயும் நீங்க கைவைக்க மாட்டீங்களே. பொண்ணு முகத்துக்கு மட்டும் அது வேணாமா?"

தொழிலைத் தொட்டுவிட்டாள். விடுவாரா மனுஷர்? "குடு இங்க. என் முகத்துலயே போட்டுக் காட்டறேன்."

தாடைக்குக் கீழே ஒரு பொட்டு தடவியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். வீம்புக்கு முகம் பூராவும் தேய்த்து, இரண்டு கோட்டிங்கும் கொடுத்தார். எரிந்தது. "வேல செய்யுது" என்றார், கண்ணில் தண்ணீர் முட்ட.

வியாழக்கிழமை காலை கண்ணாடியில் பூச்சு உதிர்ந்த செங்கல் சுவர் ஒன்று அவரைப் பார்த்தது. வேலையிடத்துக்குப் போன் போட்டு, காய்ச்சல் என்று புளுகினார். யாரோ அழைப்புமணியை அடித்தார்கள். அவர் குளியலறைக்குள் ஓடி ஒளிந்தார்.

அங்கே ஈர வாளிக்குப் பக்கத்தில் நின்றபோதுதான் அவருக்கு உறைத்தது. ஒரு நாள் இந்த முகத்தோடு தன்னால் வாசலுக்குப் போக முடியவில்லை. அவள் ஆறு மாதமாக இப்படித்தான் பஸ் ஏறிப் போய் வந்திருக்கிறாள். கதவுக்கு வெளியே நின்று தான் சொன்ன ஆறுதலை நினைக்க அவருக்கே வெட்கமாக இருந்தது.

"அப்பா, கதவத் திறங்க." மகளின் குரல். திறந்தார். "கைய எடுங்க, பாக்கலாம்."

எடுத்தார். ஒரு வாரத்துக்குப் பிறகு அந்த வீட்டில் அவள் சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு தன் க்ரீமை எடுத்துவந்து அவர் கன்னத்தில் வைத்தாள். "தேய்க்கக் கூடாதுப்பா. மெதுவா ஒத்தணும். உரியற தோலப் பிய்க்கவும் கூடாது."

"உனக்கும் இப்படித்தான் எரியுமா கண்ணு?"

"சில நாள்." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள்: "நாளைக்கு வருவீங்களா?"

"இந்த மூஞ்சியோடயா?"

"அப்ப நானும் போகல."

வாயைத் திறந்தார். பழைய ஆறுதல் தொண்டைவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, "வர்றேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை முதல் வரிசையில் உட்கார்ந்தார். மண்டபமே அவரைத்தான் பார்த்தது. தலைமையாசிரியை வந்து, "அடுப்பு ஏதாவது வெடிச்சிடுச்சா?" என்று பதறினார். விளக்கு வெளிச்சத்தில் பதினோரு பருக்களோடும் மகள் நின்றாள், அப்பாவைப் பார்த்தாள், ஒரு இடத்திலும் தடுமாறாமல் பேசி முடித்தாள். இரண்டாம் பரிசு. அவருக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணீர் பட்ட இடமெல்லாம் எரிந்தது.

வீடு திரும்பியதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "பாத்தியா? நான் மட்டும் அத முகத்துல போட்டுக்கலைன்னா அவ மேடை ஏறியிருப்பாளா? எல்லாம் என் கைராசி!"

"ஆமாங்க" என்றாள் மனைவி, பரிசுக் கோப்பையைத் துடைத்துக்கொண்டே. "போட்டா மூணு நாளைக்கு சிவந்துதான் இருக்கும்னு பாட்டில் பின்னாடியே போட்டிருந்துச்சு. படிச்சுட்டுத்தான் உங்க கையில குடுத்தேன்."