பத்து நாள் தீட்டில் பிழைத்த தோட்டம்

டாலிகஞ்ச், கல்கத்தா
12.9.1997

அண்ணா, மன்னி இருவருக்கும் தம்பி சுந்தரராஜன் அநேக நமஸ்காரங்கள். இங்கே நானும் விஜயாவும் சௌக்கியம். அங்கே அண்ணாவின் முழங்கால் சௌக்கியமா?

கும்பகோணம் சித்தப்பா காலமானதாக நீங்கள் போனில் சொன்னபோது நான் சரியாக அழக்கூட இல்லை, மன்னிக்கணும். ஆனால் போகிற போக்கில் அவர் எனக்குச் செய்த உபகாரத்தை எழுதாவிட்டால் சோறு இறங்காது.

ரிட்டையரான பிறகு எங்கள் காலனியில் என்னை நாலு பேர் மதிப்பது, கீழே பொது இடத்தில் நான் போட்ட தோட்டத்தால்தான். மாடிவீட்டு ஹால்தார் மாஸ்டர், காலேஜில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவர், ஒருதரம் நட்டால் வருஷக்கணக்கில் பூக்கிற செடியாக வைத்தால் தேனீயும் பட்டாம்பூச்சியும் வரும் என்றார். இட்லிப்பூ, அரளி, நந்தியாவட்டை எல்லாம் என் கையால் நட்டேன். செடி இடுப்பளவு வளர்ந்தும் ஒரு தேனீ கிடையாது. எப்படி வரும்? காலை ஏழு மணிக்கு இறங்கிப் போனால் வெறும் இலைதான், ஒரு பூ இருக்காது. ஞாயிற்றுக்கிழமை காலனிக் கமிட்டி வந்து பார்க்கும், அதற்குள் தேனீ வராவிட்டால் சிமெண்ட் பூசிக் கார் நிறுத்துவோம் என்று செக்ரட்டரி நோட்டீஸ் ஒட்டிவிட்டார்.

இந்த ஊரில் வாக்கிங் போகிறவர்களில் பாதிப்பேர் பூஜைக்கு அடுத்த வீட்டுப் பூவைத்தான் பறிப்பார்கள். அதில் மித்ரா பாபு என்பவர் கையில் எப்போதும் ஒரு பை. அவர்தான் பூத்திருடன் என்று கமிட்டிக்கு எழுத்திலேயே புகார் கொடுத்துவிட்டேன். பாவம், "நாய்க்குப் பிஸ்கட், தாதா" என்று (இங்கே அண்ணாவுக்கு தாதா என்று பேர்) பையைக் கவிழ்த்தே காட்டினார். நான் நம்பலை. வீட்டுக்கு வந்து விஜயா நீட்டிய பிரசாதப் பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பூத்திருடனைக் காட்டிக் கொடு பகவானே என்று தினமும் வேண்டினேன். அது லேக் மார்க்கெட் பூ என்றல்லவா நினைத்தேன்!

உங்க போன் வந்தது. பத்து நாள் தீட்டு, பூஜையறையைச் சாத்தியாச்சு. மறுநாள் கீழே போறேன், செடி முழுக்கப் பூ! நாலாம் நாள் தேனீ. ஞாயிற்றுக்கிழமை ஒரு பட்டாம்பூச்சி செக்ரட்டரியோட வழுக்கையிலேயே உட்கார்ந்தது. தோட்டம் பிழைச்சுது, அப்பாடா! அங்கேயே ஓன்னு அழுதுட்டேன். சித்தப்பாவுக்காகத்தான் அழறேன்னு நினைச்சு எல்லாரும் ஆறுதல் சொன்னா.

"விடியக்காலம் பூப்பறிச்சது நீயா?" என்று விஜயாவைக் கேட்டேன்.

"ஆமா. உங்க தோட்டத்துக்குத் தேனீ வரணுமேன்னு தினம் நூத்தெட்டுப் பூவாலே அர்ச்சனை பண்ணினேன். பாருங்கோ, பலிச்சுடுத்து!"

நேரே மித்ரா பாபுவிடம் போய் மன்னிப்புக் கேட்டு, நாய்க்கு இரண்டு பாக்கெட் பிஸ்கட் கொடுத்தேன்.

குழந்தைகள் வருணுக்கும் மேக்னாவுக்கும் எங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
நிம்மதியாக இருக்கும் தம்பி,
சுந்தரராஜன்

பி.கு.: நாளையோடு தீட்டு கழிகிறது. தோட்டம் பிழைத்ததற்காக, மறுநாள் முதல் ஒரு மண்டலத்துக்குத் தினம் ஆயிரத்தெட்டுப் பூ என்று விஜயா வேண்டிக்கொண்டாளாம், இப்போதுதான் சொன்னாள். கமிட்டி அடுத்த மாதம் மறுபடி வருகிறது. மன்னார்குடிப் பெரியப்பாவுக்கு உடம்பு எப்படி இருக்கிறது? தந்தி கொடுத்தாலும் பரவாயில்லை.