உலகின் அடைக்கலத்துக்கு ஒரு மீன் மனு

மேடவாக்கத்தில் ஒரு சின்ன பிளாட்டில் உட்கார்ந்தபடியே மூன்று பேரரசுகளைக் கட்டி மேய்த்த ஒரே ஆள் எங்கள் சுல்தான் சார்தான். இரண்டாயிரங்களின் நடுவில், நாங்களெல்லாம் ஐ.டி. கம்பெனி பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தபோது, அவர் லுங்கியோடு சரித்திர ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். முகலாயர், துருக்கியர், பாரசீகர் ஆட்சிகளில் சாதாரண ஜனங்கள் எப்படி மனுப் போட்டு நியாயம் வாங்கினார்கள் என்று புத்தகம் எழுதினார்.

லிஃப்டில் அவரிடம் மாட்டினால் தொலைந்தோம். தண்ணி லாரி வரவில்லை என்று புலம்பினால், "இஸ்தான்புல்லா இருந்தா நேரா சுல்தானுக்கே மனு போட்டிருக்கலாம் சார்" என்பார். அதனால் நாங்கள் வைத்த பெயர்தான் சுல்தான் சார்.

ஒருநாள் அசோசியேஷன் செக்ரட்டரி, கேட் ஓரம் மீன் விற்கும் அக்காவை இனி உட்காரக் கூடாது என்று சொல்லிவிட்டார். அக்கா கோவளம் பக்கத்திலிருந்து கூடையோடு வருகிறவர்.

"இந்தக் கட்டடமே இல்லாதப்போலேந்து இங்கதான் குந்திகினு கீறேன். இப்போ எங்க போவ சொல்றீங்க?" என்று அழுதார்.

பக்கத்தில் நின்ற சுல்தான் சார் முகம் பிரகாசமானது. "கட்டடத்துக்கு முந்தின வழக்கமா? அதுல பாதுஷாவே கை வைக்க முடியாதும்மா!"

"அவரு எந்த பிளாக்கு சார்?"

ஞாயிற்றுக்கிழமை அசோசியேஷன் கூட்டத்தில் சார் எழுந்து, செக்ரட்டரியைப் பார்த்து மனுவை வாசித்தார். "உலகின் அடைக்கலமே! நீதியின் நிழலே! மூன்று பிளாக்குகளின் அதிபதியே!" எனக்கு உடம்பெல்லாம் கூசியது. காரியம் கெட்டது என்றே நினைத்தேன். ஆனால் செக்ரட்டரி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அந்த முதல் வரியை இன்னொரு வாட்டி படிங்க."

சார் படித்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "காஜி சபையில, அதாவது அந்தக் காலத்து கோர்ட்டுல, அக்கம்பக்கத்துச் சாட்சி வேணும். இந்தம்மாகிட்ட மீன் வாங்கறவங்க கை தூக்குங்க" என்றார். ஒருத்தரும் அசையவில்லை. கடைசியில் செக்ரட்டரியின் மனைவிதான் கை தூக்கினார். "நீங்க வாரா வாரம் சாப்பிடற வஞ்சிரம் வேற எங்கேருந்து வருதாம்?"

உலகின் அடைக்கலம் உடனே கையெழுத்துப் போட்டது. மனுவில் ஒரு காப்பி தன் வீட்டுக்கு வேண்டும் என்றும் கேட்டது.

மறுநாள் அக்கா நல்ல சங்கரா மீன் இரண்டை எடுத்துக்கொண்டு சார் வீட்டுக்குப் போனார். சார் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார். "ஐயோ வேணாம்மா! நான் சுத்த சைவம். இந்த வாசனையே எனக்கு ஆகாது!"

வாரம் தவறாமல் அந்த அக்காவிடம் மீன் வாங்கிய நான், கூட்டத்தில் கையைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். சுல்தான் சாரை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அதைவிட அதிகமாகப் பிரியமாக இருக்கிறது.