முதல் தரக் கொம்பு

ஒரு காட்டில், அதுவும் நாலு புறமும் பத்தடி உயரத்துக்குக் கம்பிவேலி போட்ட ஒரு தனியார் காட்டில், மகுடன் என்றொரு கடமான் வாழ்ந்து வந்தது. அங்கே புலி கிடையாது. வேளாவேளைக்குத் தொட்டியில் தீவனம் விழும். ஆண்டுக்கொரு முறை எஸ்டேட் மேலாளரான நரி அளவுநாடாவோடு வந்து எல்லார் கொம்பையும் அளக்கும்.

அந்த ஆண்டு மகுடனின் கொம்பு நாற்பது அங்குலம். நரி படிவத்தில் 'முதல் தரம்' என்று முத்திரை குத்தி, காதில் மஞ்சள் வில்லையும் மாட்டிவிட்டது. அதன்பின் மகுடனுக்குக் கால் தரையில் பாவவில்லை. இரண்டாம் தர மான்களோடு ஒரே தொட்டியில் வாய் வைப்பதை நிறுத்திக்கொண்டது.

அதன் மனைவி தாழைக்கு மட்டும் மனசு சரியில்லை. "என்னங்க, போன வருஷம் முதல் தரம் வாங்கினாரே உங்க பெரியப்பா மகன், அவர் இப்ப எங்க?"

"விருந்தினர் மாளிகையில இருக்கார்."

"சுவத்துல இருக்கார். அதுவும் கழுத்து வரைக்கும்தான்."

"நடுச்சுவர் எல்லாருக்கும் கிடைக்குமா?" என்றது மகுடன்.

மறுவாரம் பட்டணத்திலிருந்து ஒரு செல்வந்தர் துப்பாக்கியோடு வந்து பரண்மேல் உட்கார்ந்தார். 'முதல் தரம் மேட்டுக்கு வரவும்' என்று நரி ஒலிபெருக்கியில் கூப்பிட்டது. போக வேண்டாம் என்று தாழை கெஞ்சியது. கூப்பிட்ட மரியாதைக்குத் தலையைக் காட்டிவிட்டு வருவதாகச் சொல்லி மகுடன் கிளம்பியது.

மேட்டில் நின்று நிமிர்ந்து பார்த்தபோதுதான் துப்பாக்கிக் குழல் கண்ணில் பட்டது. 'இவ்வளவு பெரிய கொம்பைச் சுமக்கிற தலைக்குள் புளியங்கொட்டை அளவாவது மூளை இருந்திருக்கக் கூடாதா' என்று தன்னையே திட்டிக்கொண்டது. ஓட நினைத்தது. கால் வரவில்லை.

வெடி வெடித்தது. செல்வந்தரின் குறி தவறியதில் குண்டு இடது கொம்பை அடியோடு முறித்துப் போட்டது. நரி ஓடிவந்து பார்த்தது, வில்லையைக் கழற்றியது.

"ஐயா, இது இனிமேல் சுவருக்கு ஆகாது. வேற ஒண்ணு காட்டறேன்." மகுடனைப் பார்த்து, "மூணாம் தரம். நீ போகலாம்" என்றது.

தாழை ஓடிவந்து காயத்தை நக்கி நக்கி அழுதது. மகுடனுக்கும் உயிர் மீண்ட சந்தோஷம்தான், அரை மணி நேரத்துக்கு. பிறகு, நேற்றுவரை இரண்டாம் தரமாயிருந்த ஒரு மான் மஞ்சள் வில்லையோடு மேட்டுக்குப் போவதையும், மற்றவை ஒதுங்கி வழிவிடுவதையும் பார்த்தது. வயிறு எரிந்தது.

விடிந்ததும் மகுடன் எஸ்டேட் அலுவலக வாசலில் மேல்முறையீட்டுப் படிவத்தோடு வரிசையில் நின்றது. 'தொழில்' என்ற இடத்தில் 'கொம்பு தூக்குதல்' என்று எழுதியிருந்தது. அதில் பொய் சொல்ல மனம் வரவில்லை. 'கோரிக்கை' என்ற இடத்தில், குறி தவறியது சுட்டவரின் குற்றம், கொம்பின் குற்றமல்ல, கொம்பு மறுபடி முளைக்கும், ஆகவே தரத்தைத் திருப்பித் தரவும் என்று எழுதியிருந்தது.

"உங்களுக்கு வெட்கமா இல்லையா?" என்றது தாழை.

"நிறைய இருக்கு. அதனாலதான் வந்து நிக்கிறேன்."

நரி படிவத்தைப் படித்து, 'அடுத்த வேட்டையில் முன்னுரிமை' என்று முத்திரை குத்தியது. மகுடன் ஒற்றைக் கொம்பைத் தாழ்த்தி நன்றி சொன்னது.

நீதி: உயிர் ஒரு தடவைதான் போகும், தரம் போனால் தினமும் தொட்டியடியில் நாலு பேர் பார்ப்பார்கள்.