பதினொரு யூக்கலிப்டஸ் மரங்களும் ஒரு காப்புறுதி அதிகாரியும்

மெல்பேண்
14.11.1976

பெருமதிப்புக்குரிய சிறிதரன் அத்தானுக்கு,

வணக்கம். நானும் ரஞ்சினியும் சுகம். தங்களதும் அக்காவினதும் சுகம் அறிய ஆவல். மார்கழியில் இங்கு வருவதாக எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து வர வேண்டாம்.

கோபிக்காதீர்கள், காரணம் சொல்கிறேன். நாங்கள் வாங்கிய மலைவீடு முழுக்க மரப்பலகை; சுற்றிவர பதினொரு யூக்கலிப்டஸ் மரங்கள். காலையில் மூடுபனி யன்னலால் நுழைந்து குசினிவரை உலாவும், நான் தேநீர்க் கோப்பையோடு அதைப் பார்த்தபடி பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்க வேண்டியதையே மறந்து நிற்பேன், அதிபரிடமிருந்து இரண்டு எச்சரிக்கைக் கடிதங்களும் வந்துவிட்டன. இப்படியிருக்க, இங்கு கோடையான தை மாதத்தில் எதிர்மலை எரிந்தது. பதறிப்போய், வீடு எரிந்தால் பணம் தரும் தீக்காப்புறுதி கேட்டால், மரங்களை வெட்டிவிட்டு வா என்றது காப்புறுதிக் கம்பனி. வெட்டப் போனால், மலையில் மரம் வெட்டுவது குற்றம் என்றது நகரசபை. கம்பனியின் கடிதத்தையும் நகரசபையின் கடிதத்தையும் சேர்த்துக் குண்டூசி குத்தி மாநில அரசுக்கு அனுப்பினேன். காட்டுத்தீ இடங்களின் காப்புறுதியைக் கவனிக்கும் அதிகாரி, எட்டு மாதம் கழித்து, போன கிழமைதான் வந்தார்.

வந்தவர் ஆனந்தராஜா, எங்கள் சாவகச்சேரிக்காரர்! ரஞ்சினி ஓடிப்போய் வடை சுட்டாள். அவர் அளவுநாடாவை விரித்தார், மரங்களை அண்ணாந்து பார்த்தார், பார்த்தபடியே கதிரையில் சாய்ந்தார். வெயிலும் இலைவாசமும் சேர்ந்து மனிதரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டன. மூன்று மணி நேரம்! அரசாங்கமே எங்கள் விறாந்தையில் நித்திரை கொள்ளும்போது யார் எழுப்புவது?

விழித்ததும் கண்கலங்கினார். "இப்பிடி நித்திரை கொண்டு பத்து வருசம், அண்ணை."

"அப்ப காப்புறுதி கிடைக்குமோ, தம்பி?" என்றேன்.

"அது கிடையாது. கம்பனி சொன்னதும் சரி, நகரசபை சொன்னதும் சரி."

"அப்ப ஆர் பிழை?" என்றாள் ரஞ்சினி.

"வீடுதான் பிழை, அக்கா."

எரிந்தால் எங்களுக்கு வேறொன்றும் இல்லை, அத்தான். இருவரும் அழுது யோசித்து, இதை விற்றுவிட்டு, கீழே நகர்ப்பக்கம் கிளென் வேவர்லியில் செங்கல் வீடு பார்ப்பதென்று முடிவெடுத்தோம். மார்கழியில் வீடு மாறும் அலைச்சலில் தங்களைத் தங்கவைக்க இடமிராது. அங்கே பனி யன்னலுக்குள் வராது. நானும் நேரத்துக்கு வேலைக்குப் போவேன்.

அக்காவின் முழங்கால் நோவு குறைய நல்லூரானை வேண்டிக்கொள்ளும்,

தங்கள் மைத்துனன்
விக்னராஜா

பி.கு: இதைத் தபாலில் போடுமுன் வீட்டை வாங்க ஒருவர் வந்தார். அதே ஆனந்தராஜா! காப்புறுதி இல்லாமலே வாங்குகிறாராம். "எரிஞ்சால்?" என்று ரஞ்சினி கேட்டாள். "எரியிறவரைக்கும் நித்திரை கொள்ளலாமே, அக்கா." அவள் மரங்களை அண்ணாந்து பார்த்தாள். பிறகு விற்பனைப் பலகையைத் தன் கையாலேயே பிடுங்கினாள். "அப்ப அந்த நித்திரையை நாங்களே கொள்ளுறம்." திரும்ப எழுதப் பஞ்சியாயிருக்கிறது, அத்தான். மேலே உள்ளதை வாசிக்க வேண்டாம். மார்கழியில் கட்டாயம் வாருங்கள்.