ஓவசியர் மிளகாய்க்கு வெளிச்சம் வாங்கிய கதை

மாத்தளையில் ஓவசியர் ஐயா சந்தேகப்படாத பொருள் ஒன்றுகூட இல்லை. பால், தபால், பஸ், பக்கத்து வீட்டுக் கோழி, ரேடியோவில் சொல்லும் மழை, எல்லாவற்றிலும் சந்தேகம். தலை சீவும்போது கண்ணாடிக்குள் இருப்பவரையும் ஒரு தடவை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் சீப்பை எடுப்பார் என்பார்கள். நான் பார்த்ததில்லை. ஆனால் நம்புகிறேன்.

யாழ்ப்பாணத்துக்காரர். வாய்க்கால் வேலையை மேற்பார்க்கிற அரசாங்க உத்தியோகம். வேலை வில்கமுவப் பக்கம். காலையில் பஸ் ஏறினால் இருட்டித்தான் திரும்புவார். அதுவும் பஸ் வந்தால். எல்லோரும் உம்மா என்று கூப்பிடுகிற ஒரு முஸ்லிம் அம்மாவின் வீட்டுப் பின் அறையில் வாடகைக்குத் தனியாக இருந்தார்.

நான் ஹாஜியார் ஒருவரின் எலக்ட்ரிக் கடையில் வேலை செய்தேன். படிப்பு நாலாம் வகுப்பு. பேச்சும் குறைவு. அதனாலேயே ஓவசியர் வந்தால் ஹாஜியார் கணக்குக் கொப்பிக்குள் தலையை விட்டுக்கொள்வார். அவரைக் கவனிப்பது என் வேலை.

ஒருநாள் ஃபியூஸ் வயர் வாங்க வந்தார். நல்ல வயர்தானா, எரித்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். எரிந்த வயரை யார் வாங்குவார்கள் என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

தபால்காரரைச் சோதிக்கத் தனக்குத்தானே ஒரு கடிதம் எழுதினார். நாலாம் நாள் அது ஒழுங்காக வந்து சேர்ந்தது. உறையைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினார்.

"பாரும், எவ்வளவு வடிவா ஒட்டியிருக்கு. திறந்து பார்த்திட்டுத்தான் திருப்பி ஒட்டியிருக்கினம்."

சண்டை நடந்த காலம். யாழ்ப்பாணப் பாதை மூடிக் கிடந்தது. மூடுவதற்கு முன் அவர் வீட்டிலிருந்து கடைசியாக வந்தது ஒரு காகிதச் சுருள். உள்ளே அவர்கள் வளவில் காய்த்த கறிமிளகாயின் விதை. இருபத்தைந்து விதை. பிறகு அந்த வீட்டில் ஆளும் இல்லை, செடியும் இல்லை. இது போனால் வேறு கிடையாது. இதை அவர் சொல்லவில்லை. உம்மா சொன்னார்.

பன்னிரண்டு விதையை முற்றத்தில் பாத்தி கட்டிப் போட்டார். முளைத்தது. ஒரு காலையில் பார்த்தால் ஒன்றுமில்லை. மழைக்காலம், நத்தை தின்றிருக்கும் என்றேன்.

"நத்தை ஒரே இரவில பன்னிரண்டையும் எண்ணிப் பார்த்துத் தின்னுமோ? இது மனிசன்ர வேலை."

அன்றோடு விவசாயம் அறைக்குள் போனது. கதவுக்குப் பூட்டு. யன்னல் கண்ணாடிக்குப் பேப்பர். வெளிச்சம் நுழைந்தால் களவும் நுழையும் என்பது அவர் எண்ணம். ஆனால் செடிக்கு வெளிச்சம் வேண்டுமே. கடைக்கு வந்தார்.

நூறு வோட்ஸ் மஞ்சள் பல்ப் ஒன்று கொடுத்தேன். எரிய விட்டுப் பார்த்தார். அணைத்துப் பார்த்தார். காதோடு வைத்து ஆட்டிப் பார்த்தார். கொண்டு போனார். பத்தாம் நாள் திரும்பி வந்தார்.

"நீர் எனக்கு எதிரா வேலை செய்யிறீர்."

ஆறு விதை போட்டிருக்கிறார். ஆறும் நூல் மாதிரி நெட்டையாக வளர்ந்து சாய்ந்துவிட்டன. பல்பைக் கிட்டக் கொண்டு போனால் இலை கருகியது. தூக்கினால் தண்டு நீண்டது. மஞ்சள் பல்பில் சூடு கூட, செடிக்கு வேண்டிய வெளிச்சம் குறைவு. பட்ட பிறகுதான் எனக்கும் தெரிந்தது. சொல்லவில்லை. சொன்னால் இன்னும் சந்தேகம் வரும்.

மிஞ்சியது ஏழு விதை.

"வெள்ளை டியூப் போடுங்க ஐயா. ரெண்டடி டியூப் ரெண்டு. சூடு வராது. கிட்டத் தொங்கவிடலாம்."

"எவ்வளவு கிட்ட?"

"நாலு விரல். கன்று உயர உயர டியூபையும் உயர்த்துங்க."

"ஆற்ற விரல்? உம்மடயோ, என்ரயோ?"

என் கையைப் பிடித்து நாலு விரலையும் அடிமட்டத்தால் அளந்தார். பிறகு தன் விரலை அளந்தார். வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டார்.

கடையில் இருந்த பதினோரு டியூபையும் ஏற்றிப் பார்த்தார். கீழே கையை நீட்டி மேசையில் விழுந்த நிழலைப் பார்த்தார். நிழல் மங்கலாக விழுந்ததை எல்லாம் தள்ளி வைத்தார். அதற்கு ஒரு முன்பகல் போனது. அவர் எடுத்த இரண்டும் நல்ல டியூப்தான். அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

டியூபை நானே போய்க் கட்டினேன். சங்கிலியில் தொங்கவிட்டேன். நாலு மணிக்கு எழுந்து லைட்டைப் போடுவார். ஆறரைக்கு வேலைக்குப் போவார். செடிக்கும் ஓய்வு வேண்டும், மாலை ஆறு மணிக்கு அணைய வேண்டும். இருட்டிய பிறகு பூட்டிய அறையில் வெளிச்சம் தெரிந்தால் சனங்கள் சந்தேகப்படும் என்றார். அவர் சொன்னார் அதை.

"உம்மாகிட்ட சாவியக் குடுத்துட்டுப் போங்க, ஆறு மணிக்கு அணைப்பாங்க."

"அவவிட்டத் திறப்பைக் குடுக்கிறதோ? நல்ல கதை."

அதனால் ஒரு வேலை செய்தேன். சாவி கொடுக்கிற பழைய அலாரம் கடிகாரம் ஒன்று. அலாரம் அடிக்கும்போது அதன் பின்பக்கச் சாவி சுற்றும். அதில் நூல் கட்டினேன். நூலின் மறுமுனையை இழுக்கிற சுவிட்சில் கட்டினேன். அலாரம் அடித்தால் சாவி நூலைச் சுருட்டும், சுவிட்ச் இழுபடும், லைட் அணையும். வேலைக்குப் போகும்போது அவர் அலாரத்துக்கு மட்டும் சாவி கொடுத்தால் போதும்.

ஏழும் முளைத்தன. குட்டையாக, தண்டு தடிப்பாக, கரும்பச்சையாக வந்தன. அவருக்குச் சந்தோஷம் இல்லை. இவ்வளவு நன்றாக வருவதற்கு என்ன காரணம் என்று என்னைப் பார்த்தார்.

அப்போதுதான் கொழும்பில் ஒரு குண்டு வெடித்தது. எங்கள் ஊரிலும் வீடு வீடாகச் சோதனை. மறுநாள் காலை கடை திறக்கும்போதே உம்மா வந்து நின்றார்.

"மகன், நேத்து பின்னேரம் பொலிஸ் வந்த. ஒரு சார்ஜன்ட், ரெண்டு கொன்ஸ்டபிள். அந்த அறைய ஒடச்சித் தொறந்தாங்க."

யோசித்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்து ஆளின் அறை. யன்னலுக்குப் பேப்பர். உள்ளே வயர், செடிக்கு உரமாக வாங்கிய ஒரு பை யூரியா, டிக் டிக் என்று ஒரு கடிகாரம்.

"அப்ப மணி என்ன உம்மா?"

"ஆறாகப் போற நேரம். கிட்டப் போகாதேன்னு சார்ஜன்ட் சொல்றார், அந்த நேரம் பார்த்து அது அடிச்சிச்சி. மூணு பேரும் என்ட முருங்க மரத்தடியில போய் விழுந்தாங்க. குசினி அடுப்படியில நான், சாவுதான்னு கலிமா சொல்லிட்டேன். பொறகு பார்த்தா, லைட் அணைஞ்சி போச்சி. வேற ஒண்டும் நடக்கல்ல."

ஹாஜியார் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். முதல்நாள் இரவு எட்டு மணி பஸ்ஸில் இறங்கிய ஓவசியரை வாசலிலேயே பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். கடிகாரத்தையும் கொண்டு போனார்கள். யார் செய்தது என்றுதான் முதல் கேள்வியாம்.

"நீ கொஞ்ச நாளைக்கி ரத்தோட்டைக்கிப் போ. அங்க ஒன் அக்கா இருக்காதானே" என்றார் ஹாஜியார்.

போகவில்லை. போனால் நான்தான் என்று ஆகிவிடும். கடையிலேயே இருந்தேன். ஜீப் சத்தம் கேட்டால் கையில் இருக்கிற ஸ்க்ரூ கீழே விழும். இரண்டு பிள்ளைகள் எனக்கு. அந்த நாளில் உள்ளே போன ஆட்கள் எப்போது வருவார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. என் பெயரைச் சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன். யாரையும் நம்பாத மனிதர் யாருக்காக வாயை மூடிக்கொண்டிருக்கப் போகிறார்? அந்த இரண்டு நாளும் அவரை நான் சந்தேகப்பட்டது போல அவர்கூட யாரையும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்.

ஆனால் ஜீப் வரவில்லை. உம்மாதான் வந்தார். கன்றுகள் வாடுகின்றன, என்ன செய்வது என்று கேட்டார். காலையில் போய் லைட்டைப் போட்டுத் தண்ணீர் விட்டேன். மாலையில் உம்மா அணைத்தார். போகும்போதும் வரும்போதும் திரும்பிப் பார்த்தபடிதான் நடந்தேன்.

மூன்றாம் நாள் சார்ஜன்ட் கடைக்கு வந்தார். நடந்து வந்தார். தனியாக வந்தார். நாவுலப் பக்கத்து மனிதர். கையில் கடிகாரம். சிங்களத்தில்தான் பேசினார்.

"ஓவசியர் மாத்தயா இதைத் தானே செய்ததாகச் சொல்கிறார். சரி, செய்து காட்டுங்கள் என்று கொடுத்தோம். இரண்டு நாளாகக் கட்டுகிறார். ஒருமுறை நூல் அறுந்தது. ஒருமுறை மேசையிலிருந்து விழுந்தது. நேற்று அவர் சட்டைப் பொத்தானே சுற்றிக்கொண்டு போனது. இன்னும் தான் செய்தது என்றுதான் சொல்கிறார்."

கடிகாரத்தை மேசையில் வைத்தார்.

"செய்தவன் வந்து கட்டிக் காட்டினால் நான் அறிக்கை எழுதி முடிப்பேன். இல்லாவிட்டால் நாளைக்கு அவரைக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். என் கையை விட்டுப் போய்விடும்."

சொல்வது உண்மையா, பொறியா, எனக்குத் தெரியாது. முகத்தைப் பார்த்தேன். அதிலும் ஒன்றும் தெரியவில்லை. ஹாஜியார் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார்.

"நான்தான்" என்றேன்.

ஸ்டேஷனில் ஓவசியர் ஒரு மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். மூக்குக்கண்ணாடியில் ஒரு கண்ணாடி இல்லை. கன்னம் வீங்கியிருந்தது. என்னைக் கண்டதும் சுவரைப் பார்த்துக்கொண்டார்.

கடிகாரத்தை வாங்கினேன். சாவியில் நூலைக் கட்டினேன். மேசை லாம்பின் சுவிட்சில் மறுமுனையைப் போட்டேன். ஸ்டேஷன் பெரிய அதிகாரியும் வந்து நின்று பார்த்தார். இரண்டு கொன்ஸ்டபிள்களும் கதவோரம் போய் நின்றார்கள். அலாரம் அடித்தது. லாம்பு அணைந்தது. யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். இன்னொரு தடவை என்றார்கள். மூன்று தடவை செய்து காட்டினேன். என்னிடம் ஒரு கையெழுத்து, அவரிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டார்கள். நாங்கள் வெளியே வரும்போது சார்ஜன்ட் பின்னால் வந்தார்.

"டியூப் என்ன உயரத்தில் தொங்குகிறது?"

"நாலு விரல்."

"எங்கள் அப்பாவும் மிளகாய் போடுகிறவர்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கேட்டுக்கு வெளியே வந்ததும் ஓவசியர் நின்றார். கோபமாக இருந்தார்.

"உம்மை ஆர் வரச்சொன்னது? இதில உமக்கு என்ன லாபம்?"

"ஒண்ணுமில்ல. கன்று ஏழும் நிக்குது."

நம்பாத மாதிரி பார்த்தார். நடந்தோம். கொஞ்சத் தூரம் போன பிறகு நான் கேட்டேன்.

"நீங்க ஏன் என் பெயரைச் சொல்லல்ல?"

"எப்பிடிச் சொல்லுறது? உம்மட பேர் எனக்குத் தெரியாது கண்டீரோ."

ஆறு வருஷம் அவர் என்னைத் தம்பி என்றும் கூப்பிட்டதில்லை, பெயர் சொல்லியும் கூப்பிட்டதில்லை. அதனால் அது உண்மையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். சந்தியில் அவர் வீட்டுப் பக்கம் திரும்பினார். நான் கடைப் பக்கம் திரும்பினேன். இருபதடி போயிருப்பேன். பின்னாலிருந்து குரல் கேட்டது.

"முருகையா. மழை இருட்டுது. பிள்ளையள் பார்த்துக்கொண்டிருக்கும், நேரா வீட்டை போம்."