மஞ்சி கோடி ஒகடி

ஒரு மொழி அறவே தெரியாதவனால் யாருக்கும் ஆபத்தில்லை. பாதி தெரிந்தவனைத்தான் ஊர் எல்லையிலேயே மடக்கி உட்கார வைக்க வேண்டும். எழுபதுகளில் திருத்தணியில் அப்படி மடக்கப்படாமல் திரிந்தவன் நான்.

எங்கள் தெரு வாலிபர் சங்கம், கபடி ஆடி முட்டி பெயர்ந்தது போக மிச்ச நேரத்தில், தனியாக இருக்கும் வயதானவர்கள் வீட்டுக்கு முறை வைத்துப் போய் வரும். தண்ணீர் பிடித்து வைப்போம், மருந்து வாங்கித் தருவோம், கொஞ்ச நேரம் அரட்டை அடிப்போம். எனக்கு வாய்த்தவர் நாதமுனித் தாத்தா. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், தாய்மொழி தெலுங்கு. ஒரே மகள் பத்மா அக்கா ஆந்திர எல்லை தாண்டி நகரியில் இருந்தார். "இன்னொரு தபா ஒடம்புக்கு வந்துதுன்னா நகரிக்கு இட்டுகினு போயிடுவேன்" என்பது அக்காவின் கண்டிஷன்.

தாத்தாவுக்கு அது ஜெயில். "அங்க போனா கட்டில்ல குந்த வெச்சி ஊட்டி வுடுவாங்கடா! என் ஊட்டுக் கதவ நான்தான் தொறக்கணும், நான்தான் சாத்தணும்" என்பார். அதனால் அவர் தும்மினாலும் நகரிக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வது சங்கத்தின் எழுதாத விதி.

அந்த ஆடியில் அவருக்குக் காய்ச்சல். நகரிக்குச் சொல்லாமல் கஞ்சி கொடுத்துச் சமாளித்தோம். கிருத்திகையன்று காவடிக் கூட்டத்தில் நீந்தி அவர் வீட்டுக்குப் போனேன். கண்ணை மூடிப் படுத்திருந்தார். முகத்தில் அப்படி ஒரு சாந்தம். என் கையைப் பிடித்து மெல்லச் சொன்னார்:

"ரேப்பு மஞ்சி கோடி ஒகடி பட்டுகுனி ரா நைனா."

(தெலுங்கு தெரியும் என்று அவரிடம் பீற்றியிருந்தேன். தெரிந்தது நாலே வார்த்தை. அதில் 'ரேப்பு' ஒன்று: நாளைக்கு.)

மற்றதை என் தமிழ் மூளை நிரப்பிக்கொண்டது. மஞ்சி, மஞ்சள். பட்டு, பட்டுதான். கோடி? செத்தவர்மேல் போர்த்துகிற புதுத்துணி! மனிதர் நாள் குறித்து, நிறம் சொல்லி, தன் கோடியைத் தானே கேட்கிறார்!

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. எதிரில் வந்த காவடிக்காரர் எனக்கு சாமி வந்துவிட்டதாக நினைத்து வழிவிட்டார். சங்கத்து செல்வத்திடம் உளறினேன். விதி காற்றில் பறந்தது; அவன் நகரி பஸ் ஏறினான். என் கல்யாணத்துக்கென்று அத்தை காஞ்சிபுரத்தில் வாங்கி வைத்திருந்த மஞ்சள் பட்டு வேட்டியை நான் பெட்டியிலிருந்து உருவினேன்.

மறுநாள் காலை சங்கமே திரண்டு போனது. ஒருவன் மூங்கில்கூடக் கொண்டுவந்திருந்தான். உள்ளே தாத்தா சப்பணம் போட்டு உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

"கோடி எங்கடா?"

வேட்டியை நீட்டினேன்.

"இன்னாடா இது?"

"நீங்க கேட்ட... கோடி."

"கோழிடா! நல்ல கோழியா ஒண்ணு புடிச்சிகினு வான்னு சொன்னேன்! ஜொரம் வுட்டு நாக்கு செத்துப் போச்சி, நேத்து கிருத்திகைன்னு வாயக் கட்டிகினு கெடந்தேன்!"

அந்த நேரம் பார்த்து "நைனா!" என்று அலறிக்கொண்டு பத்மா அக்கா உள்ளே விழுந்தார். தாத்தா என்னைப் பார்த்த பார்வையில் பூண்டு தானாக உரிந்தது.

விஷயம் தெரிந்ததும் அக்கா மூங்கிலைப் பார்த்தார், வேட்டியைப் பார்த்தார், மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்த எங்களைப் பார்த்தார். அழுகை வந்த வழியே சிரிப்பும் வந்தது.

"ஜொரத்த மறைச்சதுக்கு உன்ன இப்பவே நகரிக்கு இட்டுகினு போவணும் நைனா. ஆனா நீ கோழி கேட்டதுக்கே இத்தினி பேர் அழுவறானுங்க. மெய்யாலுமே ஒண்ணுன்னா வுட்டுடுவானுங்களா? இங்கியே இரு." பிறகு என் பக்கம் திரும்பி, "ஆங், நீ போயி கோழி வாங்கிகினு வா. றெக்கையோட!" என்றார்.

கோழி வந்தது. வேட்டிதான் வீடு திரும்பவில்லை. கோடி என்று கொடுத்ததை வாசல் தாண்ட விடமாட்டேன் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றார்.

மூன்று வருஷம் கழித்து நான் சாதா வேட்டியில் தாலி கட்டினேன். முதல் வரிசையில் மஞ்சள் பட்டில் ஜொலித்துக்கொண்டிருந்தார் தாத்தா. என் மாமனார் அருகில் போய், "பட்டு ஜோரா இருக்குதுங்களே, எங்க எடுத்தீங்க?" என்று கேட்டார்.

"மாப்ளதான் குடுத்தாரு. என் பொணத்துக்கு."